கிருமியின் செவி

பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு ஃபிரெடரிக் கிரிஃபித்தின் சுண்டெலிகள் நினைவிருக்கும். உறையுள்ள நிமோனியாக் கிருமியைப் பெற்ற எலி இறந்தது. உறையற்ற கிருமியைப் பெற்ற எலி பிழைத்தது. சூட்டில் கொல்லப்பட்ட உறையுள்ள கிருமியைப் பெற்ற எலியும் பிழைத்தது. கொல்லப்பட்ட உறையுள்ள கிருமியையும் உயிருள்ள உறையற்ற கிருமியையும் சேர்த்துப் பெற்ற எலியோ இறந்தது. அதன் இரத்தத்தில் உறையுள்ள கிருமி உயிரோடு பெருகியிருந்தது. பாடநூல் இங்கிருந்து ஒரே தாவலில் டி.என்.ஏ.வுக்குப் போய்விடும். நாமும் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்கி மறந்துவிட்டோம்.

அந்தத் தாவலில் விடுபட்டுப்போன கேள்வி ஒன்று உண்டு. இறந்த கிருமி எதையோ விட்டுச் சென்றது, சரி. உயிரோடிருந்த கிருமி அதை ஏன் எடுத்துக்கொண்டது? எந்த வேளையில் எடுத்துக்கொள்வது என்பதை அது எப்படி அறிந்தது? இந்தக் கேள்வி எழுவதற்கே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. விடை கிடைக்க இன்னும் முப்பது ஆண்டுகள். அந்த விடை ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை என்பதையும், நம் வீட்டு மருந்துப் பெட்டி வரை நீண்டிருக்கிறது என்பதையும் சொல்லவே இக்கட்டுரை.

*

முதலில் கிருமியை அறிமுகம் செய்துகொள்வோம். 1874-ல் வியன்னாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத், சீழ்பிடித்த புண்களில் தான் கண்ட மணிமாலை போன்ற நுண்ணுயிருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயரிட்டார். முறுக்கிய சங்கிலி, மணி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தொண்டைப் புண், பிரசவக் காய்ச்சல், வாதக் காய்ச்சல், நிமோனியா, மூளை உறைக் காய்ச்சல் என்று மனித குலத்தின் பழைய துயரங்கள் பலவற்றுக்கும் இந்தக் குடும்பத்தின் ஏதேனும் ஓர் உறுப்பினர் காரணமாக இருந்திருக்கிறது.

நம் கதையின் நாயகன் அக்குடும்பத்தைச் சேர்ந்த நிமோகாக்கஸ். 1881-ல் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், அதைப் பற்றி எழுதினார்கள். பாரிஸில் லூயி பாஸ்தர், வெறிநாய்க்கடியால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலில் அதைக் கண்டார். அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் கண்டதோ தம்முடைய சொந்த எச்சிலில். எச்சிலை முயலுக்குச் செலுத்தினார், முயல் இறந்தது. எச்சிலுக்கு உரியவர் நலமாக உலவிக்கொண்டிருந்தார்.

இந்தச் சிறு முரணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நிமோகாக்கஸ் பெரும்பாலும் கொலையாளியாக வாழ்வதில்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குடியிருந்துவிட்டு, ஒரு தொந்தரவும் தராமல் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். எப்போதாவது நுரையீரலுக்குள் இறங்கும், இரத்தத்தில் கலக்கும், மூளையின் உறையைத் தொடும். அப்படி இறங்குவது அதற்கும் பெரும்பாலும் முட்டுச்சந்துதான். நோயாளி இறந்தால் குடியிருந்த வீடே போயிற்று. இத்தகைய வாழ்வை நடத்தும் உயிருக்குத் தான் எங்கே இருக்கிறோம், சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது வாழ்வா சாவா என்ற விஷயம். இன்று நமக்கு இது வெளிப்படையாகத் தோன்றுகிறது. நூறாண்டுக்கு முன் கிருமி என்பது ஒரு விதை. விழுந்த இடத்தில் முளைக்கும், அவ்வளவே.

*

1918-ன் இன்ஃப்ளூயன்சாப் பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரை வைரஸ் மட்டும் தனியாகக் கொல்லவில்லை. அதன் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவே கொன்றது. பிற்காலத்தில், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த நுரையீரல் திசுக்களை மறுபடியும் ஆராய்ந்தபோது இது உறுதிப்பட்டது. நிமோனியாவுக்கு அன்றிருந்த ஒரே சிறப்புச் சிகிச்சை சீரம். ஒரு வகை நிமோகாக்கஸுக்கு எதிராகத் தயாரித்த சீரம் மற்றொரு வகைக்கு உதவாது. ஆகவே நோயாளியின் சளியில் இருப்பது எந்த வகை என்று அறிவது மருத்துவத் தேவையாக இருந்தது.

லண்டனில் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக்கூடத்தில் இந்த வகைபிரிக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தவர் கிரிஃபித். கூச்ச சுபாவம் கொண்டவர், அதிகம் பேசாதவர் என்று அவரைத் தெரிந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரே நோயாளியின் சளியில், நோய்க்காலத்தின் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வகைகள் இருப்பதை அவர் கவனித்தார. ஒருவரே பல வகைகளை ஒருசேரப் பெற்றாரா, அல்லது ஒரு வகை மற்றொன்றாக மாறுகிறதா? இரண்டாவது சாத்தியத்தைச் சோதிக்கவே சுண்டெலிகள். இரண்டாம் வகையிலிருந்து உறையை இழந்த உயிருள்ள கிருமியோடு, சூட்டில் கொன்ற மூன்றாம் வகையைச் சேர்த்துச் செலுத்தினார். எலியின் இரத்தத்திலிருந்து மூன்றாம் வகை உயிரோடு வந்தது. 1928 ஜனவரியில் கட்டுரை வெளியாயிற்று. அதற்குள் டி.என்.ஏ. இல்லை, மரபணு இல்லை. நோய்ப்பரவலைப் புரிந்துகொள்ள முயன்ற ஓர் அரசு ஊழியரின் நிதானமான அறிக்கை அது.

1941-ல் லண்டன் மீதான ஜெர்மானிய வான்தாக்குதலில், நண்பரும் சக ஆய்வாளருமான வில்லியம் ஸ்காட்டுடன், கிரிஃபித் தம் இல்லத்தில் கொல்லப்பட்டார். தாம் கண்டது எவ்வளவு பெரியது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

*

நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரி தம் வாழ்நாளையே நிமோகாக்கஸுக்குக் கொடுத்தவர். கிரிஃபித்தின் முடிவை முதலில் அவர் ஏற்கவில்லை. அவருடைய சகாவான மார்ட்டின் டாசன் திரும்பச் செய்து பார்த்து உறுதிசெய்த பிறகே நம்பினார். 1931-ல் டாசனும் ரிச்சர்ட் சியாவும் எலியே இல்லாமல், கண்ணாடிக் குடுவையில் இந்த உருமாற்றத்தை நிகழ்த்திக் காட்டினார்கள். அடுத்த ஆண்டில் ஜேம்ஸ் அலோவே, கிருமிகளை உடைத்து வடிகட்டிய சாறே போதும் என்று காட்டினார். 1944 பிப்ரவரியில் ஏவரி, காலின் மெக்லியாட், மெக்லின் மெக்கார்ட்டி மூவரும் அந்தச் சாற்றின் செயற்பொருள் டி.என்.ஏ. என்று அறிவித்தார்கள். பாடநூல் சொல்லும் கதை இத்துடன் முடிகிறது.

நமக்கு முக்கியமானது அந்த வேலையின் அன்றாடத் தொல்லை. உருமாற்றம் ஒருநாள் நடக்கும், மறுநாள் நடக்காது. அதே கிருமி, அதே சாறு, அதே கை. பலன் மட்டும் வேறு. குடுவையில் இறைச்சிச் சாற்றோடு சீரமோ, மனித நெஞ்சறையிலோ வயிற்றறையிலோ திரண்ட நோய்நீரோ சேர்க்க வேண்டியிருந்தது. அதிலும் சில பயன்பட்டன, சில பயன்படவில்லை. இறைச்சிச் சாற்றைக் கரித்தூள் கொண்டு சுத்திகரித்தார்கள். கிருமியின் எந்தக் கால்வழி ஒத்துழைக்கும் என்று தேடித்தேடி, ஆர்36ஏ என்ற ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். இவையெல்லாம் அன்று சமையலறைப் பக்குவங்களாகக் கருதப்பட்டன. மாவு புளிக்கும் நாளும் உண்டு, புளிக்காத நாளும் உண்டு என்பது போல.

அந்தத் தொல்லையே ஒரு செய்தி என்று யாருக்கும் தோன்றவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறு: உருமாற்றும் பொருள் எது? கேள்வி அதுவாக இருக்கும்போது, உருமாறும் உயிரின் மனநிலையை யார் விசாரிப்பார்கள்?

*

விசாரித்தவர்களில் முதன்மையானவர் ஏவரியின் நிறுவனத்தைச் சேர்ந்த ரோலின் ஹாட்ச்கிஸ். 1951-ல் அவர் ஓர் ஆபத்தான உண்மையைக் காட்டியிருந்தார்: பென்சிலினைத் தாங்கும் ஆற்றலும், உறையைப் போலவே, டி.என்.ஏ. வழியாக ஒரு நிமோகாக்கஸிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். 1954-ல் அவர் வேறொன்றைக் கவனித்தார். குடுவையில் உள்ள கிருமிகள் டி.என்.ஏ.வை எப்போதும் ஏற்பதில்லை. வெப்பநிலை முதலிய சூழல் மாற்றங்களுக்குப் பின், கூட்டம் முழுவதும் ஒரு குறுகிய நேரத்துக்கு ஏற்கும் நிலைக்கு வருகிறது. பிறகு கதவு மூடிக்கொள்கிறது. ஏவரியின் குடுவைகளில் பலன் ஏன் நிலையில்லாமல் இருந்தது என்பதற்கான முதல் துப்பு இது.

1963-ல் வார்சாவில் பாகுலாவும் வால்சாக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தின் வேறொரு கிளையில், ஏற்புநிலையில் இருந்த கிருமிகள் வளர்ந்த நீரை வடிகட்டிப் பிற கிருமிகளுக்கு ஊற்றினால் அவையும் ஏற்புநிலைக்கு வருவதைக் கண்டார்கள். ஹாட்ச்கிஸின் ஆய்வுக்கூடத்தில், ஹங்கேரியிலிருந்து வந்து சேர்ந்திருந்த இளைஞர் அலெக்சாண்டர் டோமாஸ், நிமோகாக்கஸில் இதே பாதையில் சென்றார். 1965-ல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையில் அவர் துணிந்து ஓர் ஒப்புமையைச் சொன்னார்: கிருமி வெளியிடும் இந்தப் பொருள் ஹார்மோன் போன்றது.

அக்காலத்தில் இது எவ்வளவு விநோதமாக ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஹார்மோன் என்பது பல உறுப்புகள் கொண்ட உடலில் ஓர் உறுப்பு மற்றொன்றுக்கு அனுப்பும் ஓலை. பாக்டீரியாவுக்கு உறுப்பே கிடையாது. ஒவ்வொரு செல்லும் தனிக்குடித்தனம். அது யாருக்கு ஓலை எழுதும்? டோமாஸின் விடையை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்: பக்கத்து வீட்டுக்காரனுக்கு. குடுவையில் மிதக்கும் கோடிக்கணக்கான செல்களும் ஒரே வேளையில் ஒரே முடிவை எடுப்பது அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதால்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1970-ல், ஹார்வர்டில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும், கடல்வாழ் பாக்டீரியா ஒன்று தன் இனம் போதிய அளவு பெருகிய பிறகே ஒளிரத் தொடங்குகிறது என்று காட்டினார்கள். அதுவும் ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, அதன் செறிவைக் கொண்டு கூட்டத்தின் அளவை அறிகிறது. இந்த இரண்டு செய்திகளும் நெடுங்காலம் தனித்தனி அபூர்வங்களாகவே கிடந்தன. கூட்டத்தில் போதிய உறுப்பினர் சேர்ந்தாயிற்றா என்று பார்ப்பது போன்ற இந்த நடத்தைக்குக் கோரம் உணர்தல் என்று பொதுப்பெயர் வந்ததே 1994-ல்தான். டோமாஸ் பிற்காலத்தில் மருந்தெதிர்ப்பு ஆய்வில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். இரண்டும் ஒரே பாதையின் இரு முனைகள் என்பது பிறகு தெரிந்தது.

*

1995-ல் ஹோவர்ஸ்டைன், குமாரசாமி, மாரிசன் மூவரும் அந்த ஓலையைக் கையில் எடுத்துப் பிரித்துப் படித்தார்கள். பதினேழு அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு பெப்டைட். அவ்வளவுதான். அதைச் செயற்கையாகத் தயாரித்துக் குடுவையில் சேர்த்தால், அரைத்தூக்கத்தில் இருந்த கிருமிகள் சில நிமிடங்களில் ஏற்புநிலைக்கு வந்தன. சீரமும் நோய்நீரும் கரித்தூளும் தேடி அலைந்த அறுபது ஆண்டுத் தொல்லை தீர்ந்தது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் பொறி முழுவதும் வெளிப்பட்டது. கிருமி ஒரு நீண்ட பெப்டைடைத் தயாரிக்கிறது. அதை வெளியே அனுப்பும் புரதமே அதை வெட்டிப் பதினேழாகக் குறைத்து வெளித்தள்ளுகிறது. செல்லின் சவ்வில் காம்-டி என்ற ஏற்பி காத்திருக்கிறது. அதன் ஒரு முனை வெளியே, மறுமுனை உள்ளே. வெளிமுனையில் பெப்டைட் வந்து தொட்டதும் உள்முனை காம்-ஈ என்ற புரதத்துக்கு ஒரு பாஸ்பேட்டைக் கைமாற்றுகிறது. பாஸ்பேட் ஏற்ற காம்-ஈ மரபணுத் தொகுதிக்குச் சென்று சில மரபணுக்களை இயக்குகிறது. அவற்றில் முதன்மையானவை அதே பெப்டைடையும், அதை வெளியேற்றும் புரதத்தையும், அதைக் கேட்கும் ஏற்பியையும் தயாரிப்பவை! அதாவது, கேட்டவன் உடனே இன்னும் உரக்கச் சொல்லத் தொடங்குகிறான். வதந்தி ஊருக்குள் பரவும் விதம் இதுவே. காம்-ஈ இயக்கும் இன்னொரு மரபணு காம்-எக்ஸ். அது வெளியிலிருந்து டி.என்.ஏ.வை உள்ளிழுத்துத் தன் மரபணுவோடு பின்னிக்கொள்ளும் கருவிகள் அத்தனையையும் எழுப்புகிறது. அரைமணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

வெளியே ஒரு காவலன், உள்ளே ஒரு தூதன் என்ற இந்த அமைப்புக்கு இருகூறு அமைப்பு என்று பெயர். நிமோகாக்கஸின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது இத்தகைய இணைகள் பதின்மூன்று கிடைத்தன. சுமார் இருபது லட்சம் எழுத்துகளே கொண்ட அந்தச் சிறிய நூலில், புறவுலகைக் கேட்பதற்கு மட்டும் பதின்மூன்று சாளரங்கள்.

இதைவிடத் திகைப்பூட்டும் செய்தி பிறகு வந்தது. அறையில் டி.என்.ஏ. தானாக மிதந்துகொண்டிருக்காது, யாரேனும் இறந்தால்தானே கிடைக்கும். கிரிஃபித் தம் கையால் கொன்று கொடுத்தார். இயற்கையில் யார் கொல்வது? 2002 முதல் 2005 வரை வெளிவந்த ஆய்வுகள் விடை சொல்லின: ஏற்புநிலைக்கு வந்த கிருமிகளே. ஓலையைக் கேட்டு விழித்த செல்கள், செல்சுவரை அரிக்கும் நொதிகளை வெளியிடுகின்றன. தங்களைக் காக்க ஒரு கவசப் புரதத்தையும் தயாரித்துக்கொள்கின்றன. கேளாமல் இருந்த உடன்பிறப்புகள் உடைந்து சிதற, அவற்றின் டி.என்.ஏ. பிழைத்தவற்றுக்கு உணவாகவும் நூலகமாகவும் ஆகிறது. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் சகோதரக் கொலை. கேளாச் செவிக்கு இவ்வளவு கடுமையான தண்டனையை எந்த அறநூலும் விதித்ததாகத் தெரியவில்லை.

*

இந்த உயிர் எதைக் கேட்டுத் தன் ஓலையை எழுதத் தொடங்குகிறது? கூட்டத்தின் அளவு, வளர்ச்சியின் கட்டம், சுற்றியுள்ள நீரின் அமில காரத் தன்மை என்று பட்டியல் நீண்டுகொண்டிருந்தது. 2006-ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் ழான்-பியேர் கிளாவெரிஸின் குழுவினர் அந்தப் பட்டியலில் எதிர்பாராத ஒன்றைச் சேர்த்தார்கள்: ஆன்டிபயாடிக் மருந்து.

பல பாக்டீரியாக்களில் டி.என்.ஏ. சேதமடைந்தால் ஒலிக்கும் அபாய மணி ஒன்று உண்டு. நிமோகாக்கஸில் அந்த மணியே இல்லை. அதற்குப் பதிலாக, இந்த ஏற்புநிலையையே அது அபாய மணியாகப் பயன்படுத்துகிறது என்பது அவர்களின் முடிவு. எல்லா மருந்துகளும் மணியை அடிப்பதில்லை. டி.என்.ஏ. நகலெடுப்பதைத் தடுக்கும் ஃப்ளூரோகுவினோலோன் குடும்பமும், புரத உற்பத்தியைக் குழப்பும் ஸ்ட்ரெப்டோமைசின் குடும்பமும், கிருமியைக் கொல்லாத அளவில் இருந்தபோது, அதை ஏற்புநிலைக்குத் தள்ளின. 2014-ல் நெதர்லாந்தில் யான்-வில்லெம் வேனிங்கின் குழு, இதன் ஒரு வழிமுறையை விளக்கியது. நகலெடுப்பு தொடங்கும் இடத்துக்கு அருகில்தான் ஓலையை எழுதும் மரபணுக்கள் இருக்கின்றன. மருந்து நகலெடுப்பை நடுவழியில் தடுக்கும்போது, தொடக்கப் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப நகலாகிறது, அங்குள்ள மரபணுக்களின் பிரதிகள் பெருகுகின்றன, ஓலையும் பெருகுகிறது. தடையே அறிவிப்பாகிவிடுகிறது. எழுதி வைத்த இடம் அப்படி.

இந்தப் பெப்டைட் உண்மையில் தலைகளை எண்ணுகிறதா, அல்லது ஆபத்தைக் கண்ட சிலரின் அலறலைப் பரப்புகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இரு கட்சிகள் உண்டு. நம் நோக்கில் இரண்டுக்கும் பொதுவான செய்தியே முக்கியம். நாம் கிருமியை நோக்கி எய்யும் அம்பு, அதன் காதில் ஒரு சொல்லாகவும் விழுகிறது. அந்தச் சொல்லுக்கு அதன் மறுமொழி: பக்கத்தில் கிடக்கும் நூலகத்தைத் திற, உதவும் பக்கத்தைத் தேடு. அம்பு அதை நோக்கி எய்யப்பட்டதாக இருக்கவும் வேண்டியதில்லை. வயிற்றுக்கோ சிறுநீர்ப் பாதைக்கோ உண்ட மாத்திரையின் ஒரு சிறு பங்கு, தொண்டையில் சும்மா இருந்த குடியிருப்பாளனையும் சென்று சேரலாம்.

*

நூலகத்தில் தேடியது கிடைத்ததா? வரலாறு சொல்வது, கிடைத்தது என்று. ஹாட்ச்கிஸ் குடுவையில் காட்டிய பென்சிலின் எதிர்ப்பு, பதினாறு ஆண்டுகள் கழித்து, 1967-ல், ஆஸ்திரேலியாவில் ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்டது. 1977-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பென்சிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸ் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அந்தக் கிருமிகளின் மரபணுக்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, பென்சிலின் வந்து பற்றும் புரதங்களுக்கான மரபணுக்கள் ஒட்டுத்துணி போல இருந்தன. சில துண்டுகள் நிமோகாக்கஸினுடையவை. சில துண்டுகள், தொண்டையில் அதன் அண்டை வீட்டில் வாழும் சாதுவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைடிஸ் போன்ற உறவினர்களுடையவை. நம் பென்சிலினை எதிர்க்கும் கலையை அது நம் வாயிலேயே கற்றது.

2011-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் பரவிய ஒரே நிமோகாக்கஸ் வம்சத்தின் 240 மாதிரிகளை எடுத்துக்கொண்டது. 1970-ஐ ஒட்டிப் பிறந்த அந்த வம்சம், சுமார் நாற்பது ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட முறை பிறர் டி.என்.ஏ.வை ஏற்றிருந்தது. 2014-ல் தாய்லாந்து–மியான்மர் எல்லையில் உள்ள மேலா அகதி முகாமின் குழந்தைகளிடமிருந்தும் தாய்மார்களிடமிருந்தும் எடுத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் படிக்கப்பட்டன. நெருக்கமாக வாழும் மனிதரின் தொண்டைகளில் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓயாமல் நடப்பதை அவை காட்டின.

கிரிஃபித்தின் எலியும் திரும்பி வந்தது. 2000-ல் அமெரிக்காவில் ஏழு உறை வகைகளுக்கு எதிரான தடுப்பூசி வழக்கத்துக்கு வந்து, எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது. 2007-ல் ஆய்வாளர்கள் ஒரு தப்பியோடியைக் கண்டார்கள். தடுப்பூசிக்கு உட்பட்ட நான்காம் வகையைச் சேர்ந்த ஒரு கிருமி, தடுப்பூசியில் இல்லாத 19ஏ வகையின் உறையைப் போர்த்துக்கொண்டிருந்தது. உறைக்கான மரபணுக்களின் இருபுறமும் பென்சிலின் பற்றும் புரதங்களின் மரபணுக்கள் அமைந்திருப்பதால், அவையும் சேர்ந்து வந்திருந்தன. ஒரே அள்ளலில் வேடமும் கேடயமும். 1928-ல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது, இப்போது ஏதோ ஒரு குழந்தையின் மூக்கில், ஊசியும் சூடும் இல்லாமல் நடந்திருக்கிறது. தடுப்பூசியின் பயன் இதனால் பொய்யாகிவிடவில்லை. பிற்காலத் தடுப்பூசிகளில் 19ஏ சேர்க்கப்பட்டுவிட்டது. கிருமி அசையாமல் நிற்கும் இலக்கு அல்ல என்பதே பாடம்.

*

இந்தக் கேட்கும் குணம் நிமோகாக்கஸுக்கு மட்டும் உரியதன்று. தொண்டைப் புண்ணும் வாதக் காய்ச்சலும் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ், கிரிஃபித் தம் கடைசி ஆண்டுகளில் வகைபிரித்த கிருமி. அதன் சவ்வில் கவ்-எஸ் என்ற காவலன் இருக்கிறான். சுற்றுப்புறத்தில் மக்னீசியம் மிகுந்தால் அவன் நச்சுகளின் உற்பத்தியை அடக்கச் சொல்கிறான். நம் வெள்ளணுக்களும் தோலும் கிருமியைக் கொல்வதற்காகச் சுரக்கும் எல்எல்-37 என்ற பெப்டைட் சிறிதளவு தென்பட்டால் நேர்மாறாக, உறையைத் தடிப்பாக்கவும் நச்சுகளைக் கூட்டவும் சொல்கிறான். பாஸ்டனில் மைக்கேல் வெசல்ஸின் குழு 2003-லும் 2008-லும் இவற்றைக் காட்டியது. நம் உடல் வீசும் ஆயுதத்தின் முதல் பொறியை வைத்தே, தான் எங்கே இருக்கிறோம் என்று அது கண்டுகொள்கிறது.

1918-க்கும் இங்கே ஒரு மறுமொழி கிடைக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆண்டர்ஸ் ஹாகன்சனின் குழு, மூக்கில் படலமாக ஒட்டி அமைதியாக வாழும் நிமோகாக்கஸை இன்ஃப்ளூயன்சா வைரஸ் எப்படிக் கலைக்கிறது என்று ஆராய்ந்தது. காய்ச்சலின் சூடு, சிதைந்த செல்களிலிருந்து கசியும் ஏ.டி.பி., உடல் பதற்றத்தில் சுரக்கும் நார்எபிநெஃப்ரின் ஆகியவற்றை உணர்ந்ததும் கிருமிகள் படலத்திலிருந்து பிரிந்தன. அப்படிப் பிரிந்தவை, எலிகளில், அமைதியாக இருந்தவற்றைவிடக் கொடியவையாக நடந்துகொண்டன. குடியிருந்த வீடு தீப்பற்றி எரிவதை உணர்ந்து ஓடும் வாடகைதாரர் போல. பெருந்தொற்றுக் காலத்தில் வைரஸின் பின்னால் நிமோனியா வந்தது வெறும் தற்செயல் இல்லை என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

*

கேட்கிறது, பேசுகிறது, கொல்கிறது, கற்கிறது என்று நாம் எழுதிக்கொண்டே வந்திருக்கிறோம். இவை உருவகங்கள், பெப்டைட் ஏற்பியைத் தொடுவதற்கும் நாம் பேசுவதற்கும் இடையே பெருந்தொலைவு இருக்கிறது. ஆனால் உருவகம் இல்லாத மொழியும் நம்மைக் காக்கவில்லை. விதை என்று எண்ணியதும் ஓர் உருவகமே. அந்த உருவகத்தின் பிடியில் இருந்ததால்தான், ஏவரியின் குடுவைகள் முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்ததை நாம் பக்குவக் கோளாறு என்று ஒதுக்கினோம்.

இன்று சிலர் கிருமியைக் கொல்லாமல் அதன் காதை மட்டும் அடைக்க முயல்கிறார்கள். 2020-ல் வேனிங்கின் குழு, சுவிட்சர்லாந்தில், ஏற்கெனவே பழக்கத்தில் உள்ள மருந்துகள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்துப் பார்த்தது. அவற்றில் சில, கிருமியின் வளர்ச்சியைத் தடுக்காமல், அந்தப் பதினேழு மணி ஓலையை வெளியே அனுப்பவிடாமல் மட்டும் செய்தன. வளர்ச்சி தடைபடாததால், எதிர்ப்பு தோன்றுவதற்கான நெருக்குதலும் குறைவு என்பது அவர்களின் வாதம். இது மருந்தாக வருமா என்பது எதிர்காலத்தின் விஷயம். கிருமியிடம் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

நாம் செய்யக்கூடியது எளியது. தும்மலுக்கும் சளிக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குகையில், அந்த வைரஸை அது தொடவே தொடாது என்பது பலருக்குத் தெரியும். தொண்டையில் வேறு யாரோ அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது. அடுத்த முறை பாடநூலில் அந்த நான்கு எலிகளைக் காணும்போது, நான்காவது எலியிடம் சற்று நின்று பார்ப்போம். இறந்தவர் விட்டுச் சென்றதை எடுத்துக்கொள்ளும் வேளை இதுவே என்று உயிரோடிருந்த ஒன்று அங்கே அறிந்திருந்தது. பேச்சைக் குறைத்து, கவனிப்பதைத் தொழிலாகக் கொண்ட கிரிஃபித்துக்கு அந்த உயிரைப் புரிந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.